பசைச் சட்டி

பசை என்றால் கடையில் குப்பியில் அடைத்து விற்கிறார்களே, அந்தப் பசை என்று நினைத்துவிடாதீர்கள். மைதா மாவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் ஏற்றி, கட்டி தட்டாமல் கை ஓயக் கிண்டி இறக்குவது. சூட்டோடு இருக்கும்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் புளிக்கும். அதற்கும் மறுநாள் மேலே பச்சையாகப் பூஞ்சை படரும்; பக்கத்தில் போனாலே வயிற்றைப் புரட்டும். அதையும் கொட்ட விடமாட்டார் ஆசிரியர். பூஞ்சையை வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை ஒட்டலாமே என்பார். அவருக்கென்ன, ஒட்டப் போகிறவர் அவரா?

ஒட்டுகிறவள் அவர் பெண்டாட்டி. தெருவில் அவளுக்குப் பார்சலம்மா என்று பெயர். அந்தப் பெயர் வந்த கதையைச் சொன்னால் அந்த வீட்டில் முப்பது வருஷமாக என்ன நடந்தது என்பதும் விளங்கிவிடும்.

ஆசிரியர் அரசுக் கல்லூரியில் வரலாறு நடத்தியவர். கல்லூரி நேரம் போக மிச்சப் பொழுதையெல்லாம் தேச வரலாற்றுக்கென்று தான் தொடங்கிய காலாண்டு ஆய்விதழில் கொட்டினார். அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் சொந்தப் பெயரில் பத்திரிகை நடத்தக் கூடாதென்று விதி இருந்ததால், வெளியிடுபவர் என்று பதிவில் ஏறியது அவள் பெயர். வருஷத்துக்கு ஒரு தடவை அவர் பென்சிலால் புள்ளி வைத்துக் காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுவாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டுவிட்டு, அடுப்பில் இருப்பது தீய்ந்துவிடாமல் திரும்ப ஓடுவாள். என்ன ஏதென்று கேட்டதும் இல்லை, அவராகச் சொன்னதும் இல்லை.

இன்றைக்கு அந்த இதழில் ஒரு கட்டுரை வந்தால்தான் கல்லூரியில் வேலை நிரந்தரமாகும் என்கிற அளவுக்கு அது வளர்ந்து நிற்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தோல் பைண்டு போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்களாம். தொடங்கிய காலத்தில் அச்சகத்தில் தாளை அடித்துக் கொடுப்பார்கள், அதோடு சரி. மடிப்பது, பக்க வரிசைப்படி சேர்ப்பது, நடுவில் ஊசி போட்டுத் தைப்பது, அட்டை ஒட்டுவது, உறையிட்டு முகவரி எழுதுவது எல்லாம் வீட்டு முன்னறையில் அவள் பாடு. கட்டுகளைத் தலையில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கி, மகளையும் இழுத்துக்கொண்டு தபாலாபீஸுக்கு நடப்பாள். அங்கே இருந்த குமாஸ்தா, "வாங்க பார்சலம்மா" என்று கூப்பிடப் போய், அதுவே நிலைத்துவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது.

பசை இருக்கிற இடத்துக்கு எலி வராமல் இருக்குமா? ஒரு மழைக்காலத்தில், மறுநாள் தபாலில் சேர்க்க வேண்டிய கட்டைப் பிரித்தால், அத்தனை இதழ்களின் முதுகையும் கொறித்து, நடுவில் பள்ளம் பறித்து, ரோமமில்லாத செக்கச்செவேலென்ற குட்டிகளைப் போட்டு வைத்திருந்தது எலி. அவள் வெறுங்கையால் அள்ளிக்கொண்டு போய் வெளியே போட்டாள். ஆசிரியர் வாசல் நிலையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, தாய் எலி எந்தப் பக்கம் போச்சு என்று விசாரித்தார். அன்றைக்குத்தான் வீட்டுக்குப் பூனை வந்தது. அவள்தான் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். அது எலி பிடித்ததோ இல்லையோ, கட்டுரைக் கட்டுகளின் மேல் ஏறிப் படுத்துத் தூங்கப் பழகிவிட்டது. விரட்டக் கூடாதென்று ஆசிரியர் உத்தரவு. அறிஞர்களோடு பழகுகிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது இருப்பது அதன் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ. அதுவும் அதே வேலையைத்தான் பார்க்கிறது.

இதழ் பெயரெடுக்க ஆரம்பித்ததும் ஆட்கள் வந்தார்கள். கட்டுரை போட வேண்டியவர்கள் சேற்றுச் செருப்போடு ஏறி வந்து, பழக்கூடையை வைத்து, பல்லை இளித்து, ஆசிரியரின் காலடியில் உட்கார்ந்து பேசுவார்கள். வெளியே போய்த் தெருமுனை திரும்பியதும் அவரைக் கிழி கிழி என்று கிழிப்பார்கள். காய்கறி வாங்கப் போகிறவளுக்குக் காது கேட்காதென்று நினைப்பு. வீட்டுக்கு வந்து தரையைத் துடைக்கிறபோது அவளுக்குக் குமட்டும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவாள்.

இந்த மழைக்காலத்தில் ஆசிரியர் படுத்துவிட்டார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. காய்ச்சல் விட்டு விட்டு அடித்தது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் கையை விரித்தார். வெளியூரில் வங்கியில் வேலை பார்க்கிற மகள் லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தாள். உள்ளறையில் கட்டிலுக்கடியில் சளி துப்புகிற கிண்ணம், படுக்கையில் வைக்கிற பேசின், நனைந்த துணி. மழை விடாததால் துவைத்தது எதுவும் காயாமல் வீடு முழுக்க ஈரவாடை. பார்சலம்மா கிண்ணத்தைக் கழுவினாள், அவர் முதுகைத் துடைத்தாள், வாயோரம் வழிந்ததை விரலால் வழித்தெடுத்தாள். மகள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பார்சலம்மாவுக்கு அதிலெல்லாம் ஒரு அருவருப்பும் இல்லை. உடம்பென்றால் அப்படித்தான்.

அருவருப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. வாரத்துக்கு ஒரு முறையாவது இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் துணையாசிரியர், ஆசிரியரின் பழைய மாணவர், இந்த வீட்டு டீயைக் குடித்தே நரை கண்டவர். மற்றவர், அரசாங்கம் புதிதாகத் தொடங்கியிருந்த வரலாற்றுக் கழகத்தின் செயலாளர். பிஸ்கட்டைத் தின்று முடித்ததும் சட்டைப் பையிலிருந்து பல்குச்சியை எடுத்துக் கடைவாயைக் குத்தி, வந்ததை விரல் நுனியில் வைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜைக்கு அடியில் தடவுவார். மகள் அவருக்குப் பல்குச்சி என்றே பெயர் வைத்துவிட்டாள். அவர் போன பிறகு மேஜையின் அடிப்பலகையைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் துடைப்பதும் பார்சலம்மாவின் வேலைகளில் சேர்ந்துகொண்டது.

அவர்கள் வந்த காரியம் கையெழுத்து. இதழைக் கழகம் எடுத்துக்கொள்ளும். தேசிய இதழ் என்று அந்தஸ்து கிடைக்கும். வழவழப்பான தாள், தனிக் கட்டடம், வேலைக்கு ஆட்கள். பதிவில் இருக்கிற வெளியிடுபவர் சம்மதித்து எழுதிக் கொடுத்தால் போதும். பல்குச்சி இதையெல்லாம் குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பார்சலம்மா, அவர் எழுந்து வந்து என் இதழ் எங்கே என்று கேட்டால் நான் என்ன பதில் சொல்ல என்று கேட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை அவள் கவனித்தாள்.

அதன் அர்த்தம் அடுத்த முறை வந்தபோது தெரிந்தது. புரூஃப் பார்ப்பதென்றால் அந்த முன்னறையில் உட்கார்ந்து பார்த்துத்தான் துணையாசிரியருக்குப் பழக்கம். பழக்க தோஷத்தில் அன்றைக்கும் தாள்களை மேஜையில் பரப்பிவிட்டார். டீ கொண்டுவந்தவள் குனிந்து வைக்கும்போது பார்த்தாள். மேல் தாளில் கறுப்புக் கட்டம். கட்டத்துக்குள் புருஷன் பெயர். பெயருக்குக் கீழே பிறந்த வருஷம் போட்டு, ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இடம் விட்டிருந்தார்கள்.

"இது என்ன?" என்று கேட்டாள்.

துணையாசிரியர் தாளைக் கவிழ்க்கப் பார்த்தார். டம்ளரில் தாள் தட்டி டீ சிந்தியது.

"அது வந்தும்மா... சிறப்பிதழ். காலாண்டிதழ் பாருங்க, முன்கூட்டியே அச்சுக்குக் குடுத்தாத்தான் நேரத்துக்கு வரும். இதை விட்டா அடுத்ததுக்குத் தள்ளிப் போயிடும்."

"மனுஷன் உள்ள இருமிக்கிட்டு இருக்காரு. அது கேக்குதா உங்களுக்கு?"

"கேக்குதும்மா. சார் சொல்லிக் குடுத்ததுதான் இது. பெரியவங்க படுத்துட்டாங்கன்னு தெரிஞ்சதுமே எழுதி வெச்சுடணும், பக்கம் ஒதுக்கிடணும்னு அவருதானே சொல்லுவாரு."

அது பொய்யில்லை. வயதான அறிஞர் ஒருவர் படுக்கையில் கிடந்தபோது, போய்ப் பார்த்துவிட்டு வா, இந்த இதழில் இடம் விடணுமா வேண்டாமா என்று தெரியணும் என்று ஆசிரியர் அவளையே அனுப்பியிருக்கிறார். அவளும் பழத்தை வாங்கிக்கொண்டு போய், அந்த வீட்டம்மாவிடம் எப்படி இருக்கார் என்று கேட்டுவிட்டு வந்து சொன்னாள். எதற்குக் கேட்கச் சொன்னார் என்று அப்போது யோசிக்கவில்லை. இப்போது அந்த அம்மா அழுதுகொண்டே தனக்கு நாற்காலி எடுத்துப் போட்டது ஞாபகம் வந்து, சீ என்று போய்விட்டது.

பல்குச்சி தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல படமாக ஒன்று தேவைப்படுகிறது, கண்ணாடி போட்டு, கொஞ்சம் சிந்தனையில் இருக்கிற மாதிரி இருந்தால் நல்லது என்றார். பார்சலம்மா அவர் கையில் பாதி குடித்தபடி இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். துணையாசிரியரின் டம்ளரையும் எடுத்துக்கொண்டாள். வந்தவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக எழுந்து போனார்கள். போன அவசரத்தில் புரூஃப் கட்டை விட்டுவிட்டார்கள்.

அடுப்பில் வைத்துவிடுகிறேன் என்று அவள் அதைத் தூக்கிக்கொண்டு போனாள். மகள்தான் பிடுங்கிக்கொண்டு, என்னதான் எழுதியிருக்கிறார்கள் பார்ப்போமே என்று அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொருத்தனும் ஆசிரியரைப் பற்றி எழுதுகிற சாக்கில் தன்னைப் பற்றித்தான் எழுதியிருந்தான். தெருமுனையில் நின்று கிழித்தவர்கள் அத்தனை பேரும் கண்ணீர் விட்டிருந்தார்கள். துணையாசிரியர் எல்லாருக்கும் மேலே போய்விட்டார். கடைசிப் படுக்கையில் ஆசிரியர் தன் கையைப் பற்றிக்கொண்டு, "இனி இதழுக்கு நீதான்" என்று சொல்லிக் கண்ணை மூடியதாக எழுதியிருந்தார். கண்ணை மூடிய மனிதர் அந்த நேரத்தில் உள்ளறையிலிருந்து பேசின் வேண்டுமென்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மகள் சிரித்தாள், பிறகு சிரிக்க முடியாமல் தாளைக் கீழே போட்டாள்.

பார்சலம்மா பேசினை வைத்து, எடுத்து, கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோது, மகள் வேறொரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரி நூலகர் எழுதியது. இதழ் எப்படித் தொடங்கி எப்படி வளர்ந்தது என்று நிதானமாக எழுதியிருந்தார். எந்த அச்சகம், எத்தனை பக்கம், எப்போது அட்டை மாறியது, கட்டுரைகளின் மேல் தூங்கிய பூனை என்று எல்லாம் இருந்தது. நடுவில் இது இருந்தது: "தொடக்க கால இதழ்கள் யாவும் ஆசிரியரது இல்லத்து அடுப்பில் காய்ச்சிய பசையால் ஒட்டப்பட்டவை. காய்ச்சியவரும் தைத்தவரும் சுமந்து சென்று அஞ்சலில் சேர்த்தவரும் அவர் மனைவி." மனைவி என்பதற்குப் பக்கத்தில் அவளுடைய பெயர். முழுப் பெயர்.

சில மாதங்களுக்கு முன்னால் அந்த நூலகர் வந்து, அம்மா அப்பல்லாம் எப்படிம்மா ஒட்டுவீங்க என்று கேட்டதும், வேலையோடு வேலையாகத் தான் சொன்னதும் அவளுக்கு நினைவு வந்தது. சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்திருந்தாள்.

"இன்னொரு தடவை படி" என்றாள்.

மகள் படித்தாள். அதற்குப் பிறகு அவளே தாளை வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் படித்தாள். கறுப்புக் கட்டம் போட்ட அந்தக் கேவலத்தின் நடுவில் தன் பெயரைப் பார்த்து நெஞ்சு பூரிக்கிறதே என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக வந்தது. ஆனாலும் பூரித்தது. அதை இல்லையென்று சொல்ல முடியாது. புருஷன் போனால்தான் அச்சில் வரும் என்றால் அந்த வரியே வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லிவிட்டுத் தாளை எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்தாள்.

மகள் மெதுவாகப் பேச்சை எடுத்தாள்.

"எழுதிக் குடுத்துட்டுக் கைகழுவும்மா. அவனுங்க எடுத்துட்டுத் தொலையட்டும். இந்த முன்னறையில ஒரு மனுஷி காலை நீட்டி உக்கார முடியுதா? எத்தனை வருஷ நாத்தம் இது."

"அவரு எந்திரிச்சு வந்து கேட்டா?"

"அம்மா... எந்திரிக்கமாட்டாரு. டாக்டர் சொன்னது உனக்கும் தெரியும்."

"எந்திரிச்சா?" என்றாள் பார்சலம்மா மறுபடியும்.

எழுந்துவிட்டார். மழை நின்று வெயில் விழுந்த வாரத்தில் காய்ச்சல் விட்டது. ஒரு நாள் காலையில் தானாகத் தலையைத் தூக்கி, கஞ்சியில் உப்பில்லை என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அவள் அடுப்பங்கரைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தன் கைராசி என்று சொல்லிக்கொண்டார். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு வந்த ஆசிரியர் முதலில் கேட்டது கண்ணாடி. அடுத்தது, இதழ் வேலை எந்த மட்டில் இருக்கிறது என்பது.

மகள் மூடி மறைக்கப் பார்த்தாள். முடியவில்லை. அவரே மேஜை மேலிருந்த கட்டைப் பார்த்துவிட்டார். பார்சலம்மாவுக்கு உயிரே இல்லை. தான் வளர்த்த ஆட்களே தன்னைப் புதைத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் மறுபடி படுத்துவிடுவாரோ என்று பயந்துபோய், பக்கத்திலேயே தண்ணீரோடு நின்றாள். அவர் கறுப்புக் கட்டத்தைப் பார்த்தார். கோட்டுக்குப் பக்கத்து வெற்றிடத்தைப் பார்த்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பிறகு முகம் மலர்ந்தது. மனுஷருக்கு உச்சி குளிர்ந்துபோய்விட்டது.

அடுத்த சில நாட்கள் அந்த வீட்டில் நடந்ததை என்னவென்று சொல்ல? கண்ணை மூடியதாக எழுதியவரைக் கூப்பிட்டு உதைப்பார் என்று மகள் எதிர்பார்த்தாள். அவரோ, பையன் உணர்ச்சிவசப்பட்டு எழுதியிருக்கிறான், நடை நன்றாக வந்திருக்கிறது என்றார். தலைநகரத்துப் பேராசிரியர் ஒருவர் தன்னைப் பற்றி இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டாரே என்பதுதான் அவருக்கு வருத்தம். போட்டதெல்லாம் வீணாக வேண்டாம், கறுப்புக் கட்டத்தைத் தங்க நிறமாக்கி, நினைவு என்பதைப் பாராட்டு என்று மாற்றினால் போதும் என்று அவரே முடிவு செய்தார். இருந்தார் என்பதையெல்லாம் இருக்கிறார் என்று சிவப்புப் பென்சிலால் தானே உட்கார்ந்து திருத்தினார். தன்னைப் புகழ்ந்த இடத்தில் போதாதென்று தோன்றினால் ஓரத்தில் ஒரு சொல் சேர்த்தார். பார்க்கப் பார்க்க மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லீவு முடிந்ததென்று சொல்லி ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

பார்சலம்மா மட்டும் பொறுத்துக்கொண்டாள். ஏனென்றால் நூலகரின் கட்டுரை கட்டின் கடைசியில் இருந்தது; அவளே அதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். அவரும் பிழைத்துக்கொண்டார், அந்த வரியும் வரப்போகிறது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று அவள் மனசில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கட்டுரையைக் கையில் எடுத்த அன்று முன்னறையில் அவளுக்குத் துடைக்க நிறையத் தூசி இருந்தது. ஜன்னல் கம்பியைத் துடைத்தாள். துடைத்த கம்பியையே மறுபடி துடைத்தாள். ஆசிரியர் நாக்கில் விரலைத் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டினார். பூனை வந்த இடத்தில் சத்தமாகச் சிரித்தார். பலே என்றார். அப்புறம் பென்சில் கீழே இறங்கியது.

அவள் துணியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். பசை, அடுப்பு, காய்ச்சியவர், தைத்தவர், சுமந்தவர், அவள் பெயர் எல்லாவற்றின் மேலும் ஒரே கோடு.

"ஏங்க, அதை ஏன் அடிச்சீங்க?"

அவர் நிமிர்ந்தார். "இதையெல்லாம் நூலகர்கிட்ட நீதான் சொன்னியா?"

"கேட்டாரு. சொன்னேன்."

"கேட்டா சொல்லிடறதா? இது ஆய்விதழ். தேச வரலாறு. அடுப்பங்கரைச் சமாச்சாரமெல்லாம் இதுல போட்டா படிக்கிறவன் சிரிப்பான்."

"நடந்ததுதானே?"

"நடந்ததெல்லாம் வரலாறா?" என்றார். முதலாண்டு மாணவனிடம் சொல்கிற அதே குரல்.

"அப்போ பூனை?"

"பூனை சுவையான தகவல். அது இருக்கட்டும்."

பார்சலம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். அவருக்கு விளங்கவில்லை போலிருக்கிறது, விளங்கச் சொன்னால் தெரிந்துகொள்வார் என்று நினைத்தாள்.

"பசைக்குத்தாங்க எலி வந்துச்சு. எலிக்காகத்தான் நான் பூனையைக் கொண்டாந்தேன். பசையை எடுத்துட்டா பூனை எதுக்கு வந்துச்சாம்?"

ஆசிரியர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்.

"இந்த வயசுல உனக்கு என்ன, பேர் வேணுமா?"

வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது. ஆமாம் என்று சொல்ல நா எழவில்லை, அவ்வளவுதான். அவர் அதற்குள் தலையைக் குனிந்து அடுத்த வரிக்குப் போய்விட்டார். விரலை மறுபடி நாக்கில் தொட்டார். எச்சில் நூலாக இழுத்துக்கொண்டு வந்து தாளில் ஒட்டியது. அவருடைய சளியைத் தான் வழித்தபோது வராத குமட்டல் அந்த எச்சிலைப் பார்த்தபோது வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய், குழாயைத் திறந்துவிட்டு, வெகுநேரம் முகத்தைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

துணையாசிரியரும் பல்குச்சியும் அதே வாரத்தில் பூங்கொத்தோடு வந்தார்கள். எப்படி முகத்தில் விழிப்பார்களோ என்று பார்சலம்மா நினைத்தாள். ஒரு கூச்சமும் இல்லாமல் விழித்தார்கள். சாருடைய மனவுறுதியே உறுதி என்றார் பல்குச்சி. துணையாசிரியர் ஒரு படி மேலே போய், அவருடைய கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆசிரியர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு பேரையும் எதிரே உட்கார வைத்து, தன் முடிவைச் சொன்னார். கழகம் பணம் கொடுக்கலாம், தாள் கொடுக்கலாம். ஆனால் தன் உயிர் இருக்கும்வரை இதழ் இந்த முன்னறையை விட்டு நகராது; ஆசிரியர் என்று தன் பெயர்தான் இருக்கும்.

"அவகிட்ட கையெழுத்துக் கேட்டீங்களாமே?" என்று சிரித்தார். "நான் சாகக் கிடந்தப்பவே போடாதவ. இப்பவா போடப் போறா?"

பெருமையாகத்தான் சொன்னார். அடுப்பங்கரையில் நின்றவளுக்கு அது காதில் விழுந்தது. அவர் சொன்னது சரிதான், அவருக்காகத்தான் போடாமல் இருந்தாள். டீத் தட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தாள். டம்ளர்களை ஒவ்வொருவர் முன்னாலும் நகர்த்தினாள். பிறகு துணையாசிரியரைப் பார்த்து, "அந்தப் பேப்பர் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அவருக்குப் புரியவில்லை. பல்குச்சிக்குப் புரிந்துவிட்டது. பையைத் திறந்து, தாளை எடுத்து, மடிப்பு நீவி, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டார். ஆசிரியர் பேச்சின் பாதியில் நின்றார்.

"ஏய், என்ன பண்றே?"

"வெளியிடறவங்க கையெழுத்து வேணும்னு கேட்டாங்க. அது நான்தானே?"

"யாரைக் கேட்டுப் போடறே?"

"நீங்க புள்ளி வெச்ச இடத்துல எல்லாம் போட்டேன். இது புள்ளி இல்லாமப் போடறது" என்று சொல்லிக்கொண்டே போட்டாள். அவசரப்படவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினாள். இந்தத் தடவை அடுப்பில் எதுவும் இல்லை.

ஆசிரியர் கத்தினார். இருமல் வந்து கத்தலை மறித்தது. துரோகம் என்றார், நாசமாக்கிவிட்டாய் என்றார், உனக்கு என்ன தெரியும் என்றார். துணையாசிரியர் சாருக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட எழாமல் கையெழுத்தின் மேல் மை காய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்சலம்மாதான் தண்ணீர் கொடுத்தாள், முதுகை நீவிவிட்டாள். இருமல் அடங்கியதும் வந்தவர்கள் பக்கம் திரும்பி, பழைய இதழ்கள், கட்டுரைகள், உறைகள், ரப்பர் முத்திரை எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்துப் போய்விட வேண்டும் என்றாள். கட்டின் மேல் படுத்திருந்த பூனையைத் தூக்கித் துணையாசிரியரின் கையில் கொடுத்தாள்.

"இதையும் கொண்டு போங்க. வரலாத்துல இருக்கிறது இதுதான்."

அவர் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பூனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அது அவர் சட்டையில் நகத்தைப் பதித்தது.

சாயங்காலத்துக்குள் முன்னறை காலியாகிவிட்டது. கட்டுகள் இருந்த இடத்தில் தரை வேறு நிறமாக இருந்தது. மூலையில் எலிப் புழுக்கை, செத்த கரப்பான், பழைய பசைத் துளிகள். அவள் எல்லாவற்றையும் கூட்டி அள்ளினாள். தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். ஜன்னல்களைத் திறந்து வைத்தாள். ஆசிரியர் நாற்காலியை விட்டு எழாமல், வெறும் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவர் பெயர் இதழ் அட்டையின் உள்பக்கத்தில், நிறுவியவர் என்று சின்ன எழுத்தில் வரும் என்று பல்குச்சி போகும்போது ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அடுப்பங்கரையில் மிச்சம் இருந்தது பசைச் சட்டி ஒன்றுதான். அதில் வேறெதுவும் சமைத்ததில்லை. தவறிப்போய் அதில் ஒரு தடவை வெந்நீர் வைத்ததற்கே, நாற்றம் தாங்கவில்லை என்று ஆசிரியர் குளிக்காமல் எழுந்து வந்திருக்கிறார். அவள் அதைக் கொல்லையில் போட்டு, சாம்பலும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்த்தாள். அடுக்கடுக்காகப் பசை உரிந்து வந்தது. தோள் இற்றுப்போகிற மட்டும் தேய்த்த பிறகு அடியில் உலோகம் தெரிந்தது. கழுவிக் கவிழ்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் பசிக்கிறது என்றார். அவள் கஞ்சி கொண்டுவந்து எதிரே வைத்தாள். அவர் குனிந்து பாத்திரத்தைப் பார்த்தார். விளிம்பில் நெளிந்திருந்த அந்த இடத்தை அவருக்கும் தெரியும்.

"இது பசைச் சட்டி இல்ல?"

"ஆமா."

"இதுலயா கஞ்சி வெச்சே?"

"அடுப்பங்கரைச் சமாச்சாரம். நீங்க ஏன் அதெல்லாம் கேக்கறீங்க?" என்றாள். "ஆறிடப் போவுது, குடிங்க."

அவர் முகர்ந்து பார்த்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். அவள் நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டியை இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார்.